பதிலுக்குப் போனவன்

ஓவே பிரபு சாகக் கிடக்கிறார் என்ற செய்தி வந்தபோது நான் தொழுவத்தில் சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். அள்ளுவதை நிறுத்தவில்லை. சாவதற்கு இந்த மனிதர் இத்தனை காலம் எடுத்துக்கொண்டாரே என்றுதான் எனக்கு ஆத்திரம் வந்தது.

என் பெயர் தூரா. டென்மார்க்கில், யூலண்டின் நடுப்பகுதியில், சதுப்புக்கும் பற்றைக்காட்டுக்கும் இடையில் எங்கள் ஊர். நான் சொல்வது ஆண்டவர் பிறந்து ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் வருஷம், புனித நாட்டுச் சண்டை முடிந்த கையோடு நடந்தது. முடிந்தது என்றால் நாங்கள் வென்றோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இருநூறு வருஷமாகச் சட்டையில் சிலுவையைத் தைத்துக்கொண்டு முஸ்லிம்களோடு சண்டைபிடிக்கப் போன எங்கள் ஆட்களின் கையில் கடைசியாக மிஞ்சியிருந்தது அக்கோ பட்டணம். அதுவும் போன வருஷம் சுல்தானிடம் விழுந்துவிட்டது. அதற்காக எங்களைக் கோயிலில் முழங்காலில் நிறுத்தி அழச் சொன்னார்கள். நான் அழவில்லை. என் தம்பி எஸ்பேர்ன் அந்தப் பட்டணத்தில் இருந்தான். அவன் இருக்கிறானா செத்தானா என்று சொல்ல ஒரு நாதியும் இல்லை. கல்லுக்கும் மதிலுக்கும் நான் எப்படி அழுவேன்?

அவன் ஆசைப்பட்டுப் போகவில்லை. ஓவே பிரபுவுக்குப் பதிலாகப் போனவன்.

ஓவே பிரபு எல்லைத் தகராறில் பக்கத்து நிலக்காரர் பாலேயின் களஞ்சியத்துக்கு நெருப்பு வைத்தார். பாலே அதில் வெந்து செத்தார். அவர் உள்ளே படுத்திருந்தது தனக்குத் தெரியாது என்று பிரபு பிறகு சொன்னார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று அவருக்கு மட்டும் தெரியவில்லையாம். செய்ததை ஒப்புக்கொண்டு பாவசங்கீர்த்தனம் செய்தபோது, சிலுவை எடுத்துக்கொண்டு புனித நாட்டுக்குப் போய்ச் சண்டை செய்தால்தான் இந்தப் பாவம் தீரும் என்று ஆயர் சொல்லிவிட்டார். பிரபு உடனே நல்ல கம்பளித் துணியில் ஒரு மேலங்கி தைப்பித்தார். அதில் சிவப்புச் சிலுவை. அதைப் போட்டுக்கொண்டு கோயிலுக்கு வந்து போனார், விருந்துக்கு வந்து போனார். பயணம் புறப்படும் காலம் வந்ததும் முழங்காலில் வாதம் வந்துவிட்டது. மான் வேட்டைக்குப் போகும்போது வராத வாதம்.

கோயிலில் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள். நேர்ந்தவர் போக முடியாவிட்டால் தன் பேரில் இன்னொருவனை அனுப்பலாம். அவன் நடக்கும் நடை இவர் நடந்த நடை. அவன் செய்யும் சண்டை இவர் செய்த சண்டை. பலன் முழுவதும் இவருக்கு. எங்கள் தாயும் தகப்பனும் காய்ச்சலில் போய், நானும் தம்பியும் பிரபுவின் நிலத்தில் கூலிக்குக் கிடந்தோம். அவனுக்கு அப்போது பதினெட்டு வயது. நேர்ச்சை நிறைவேறினால் நாங்கள் இருந்த வீடும் சதுப்போரத்து வயலும் எங்களுக்கே சொந்தம், நிறைவேறாவிட்டால் வெளியே போக வேண்டும் என்று கோயில் வாசலில் வைத்துப் பேசி முடித்தார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த வாசலிலேயே நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அவனுக்குக் கம்பளி மேலங்கி கிடைக்கவில்லை. சாக்குத் துணியில் நான்தான் சிலுவை தைத்துக் கொடுத்தேன்.

இந்த வருஷம் அறுவடை முடிந்த பிறகு அவன் திரும்பி வந்தான். படலையில் ஒரு பிச்சைக்காரன் நிற்கிறான் என்று நினைத்து ரொட்டித் துண்டோடு போனேன். "அக்கா" என்றான். ரொட்டியை எறிந்துவிட்டு அவனை அடித்தேன். ஏன் அடித்தேன் என்று தெரியாது. அடித்துக்கொண்டே அழுதேன்.

வந்தவன் வேலை செய்தான், சாப்பிட்டான், கேட்டதற்கு ஓம், இல்லை என்றான். ஒரு காரியம்தான் எனக்குப் பிடிபடவில்லை. விடிந்ததும் கத்தியைத் தீட்டி முகத்தை மழிப்பான். ஒரு நாள் தவறாது. குளிரில் தோல் வெடித்து இரத்தம் வந்தாலும் விடமாட்டான். எங்கள் ஊரில் குளிர்காலத்தில் தாடி வளர்க்காத ஆண்பிள்ளை கிடையாது.

"என்னடா இது, முகத்தைத் தோல் உரிக்கிறாய்?" என்று கத்துவேன். மழித்துக்கொண்டே இருப்பான்.

பிரபு சாகக் கிடந்த செய்தி வந்த அன்று மத்தியானமே அவருடைய மகன் நீல்ஸும் பங்குச் சுவாமியும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நீல்ஸ் குதிரையை விட்டு இறங்கவில்லை. எங்கள் கூரையைப் பார்த்த பார்வையிலேயே அதை எப்போது பிடுங்கலாம் என்று யோசிப்பது தெரிந்தது. சுவாமி மட்டும் உள்ளே வந்து என் தம்பியின் தலையில் கை வைத்தார்.

"மகனே, நாளைக்குக் காலமை வந்து புனிதரின்ர எலும்பில கைவைச்சு மூண்டு சத்தியம் சொல்லவேணும். புனித மண்ணில கால் வைச்சனான். ஒரு வருஷம் அங்கை இருந்தனான். சிலுவையின்ர பகைவருக்கு எதிரா வாள் உருவினனான். அவ்வளவுதான். அதோட பிரபுவின்ர நேர்ச்சை முடிஞ்சுது. அவர் நிம்மதியாக் கண்ணை மூடுவார்."

"வீடு?" என்று கேட்டேன்.

"மூண்டையும் சொன்னால் வீடு உங்கட," என்றான் நீல்ஸ் குதிரை மேலிருந்து. "ஒண்டு குறைஞ்சாலும் வெளிக்கிட வேண்டியதுதான். எனக்கு ரெண்டும் ஒண்டுதான்."

அவனுக்கு இரண்டும் ஒன்றல்ல. தகப்பனின் ஆத்துமம் எப்படிப் போனாலும் வயல் மிஞ்சினால் போதும் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

அவர்கள் போன பிறகு அடுப்பில் கூழ் வைத்தேன். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். மூன்று வசனம். ஏர் பிடித்துக் காய்த்த என் கைக்கு மூன்று வசனத்தில் ஒரு வயல்.

"சொல்லிப் பார்," என்றேன் அவனிடம். "நாளைக்கு நாக்குத் தடுமாறக் கூடாது."

"முதல் ரெண்டும் சொல்லலாம் அக்கா. மூண்டாவது ஏலாது."

"ஏன் ஏலாது? நீ வாள் உருவேல்லையோ?"

"உருவினனான்."

"பிறகென்ன?"

அவன் கூழைத் தள்ளி வைத்தான். வந்த நாளிலிருந்து பேசாதவன் அன்றுதான் பேசினான்.

"நாங்கள் போய் இறங்கேக்கை அங்கை சண்டை இல்லை. சுல்தானோட ஒப்பந்தம் செய்து சமாதானமா இருந்தவை. சுத்துவட்டாரத்துச் சனம் பயமில்லாமல் உள்ளுக்கு வந்து சந்தையில விக்கும். முஸ்லிம்களும் வருவினம், மற்றவையும் வருவினம். நாங்கள் சண்டைக்கெண்டு வந்த ஆக்கள். சண்டை இல்லை, வேலை இல்லை, சாப்பாடு இல்லை. ஒருத்தன் சந்தையில மஞ்சள் காய் வித்தவன். முட்டை அளவு இருக்கும். எனக்கு ஒண்டு சும்மா தந்து, கடிச்சுப் பார் எண்டு கையால காட்டினான். கடிச்சன். அப்பிடி ஒரு புளிப்பு அக்கா, கண்ணைத் திறக்க ஏலாது. நான் முகத்தைச் சுளிச்சதைப் பாத்து அவன் வயித்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சான். பிறகு நான் போற நேரமெல்லாம் ஒண்டு எறிவான். நான் ஏந்துவன்."

"சரி, அதுக்கு?"

"ஒரு நாள் எங்களோட வந்தவை நல்லாக் குடிச்சிட்டினம். சரசேனர் ஆரோ எங்கட பெண்ணொருத்தியைத் தொட்டிட்டாங்கள் எண்டு ஒருத்தன் கத்தினான்." எங்கள் பக்கத்தில் முஸ்லிம்களைச் சரசேனர் என்றுதான் சொல்வோம். "உண்மையோ பொய்யோ ஒருத்தரும் கேக்கேல்லை. எல்லாரும் வாளை எடுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடினம். ஆர் சரசேனன் எண்டு எப்பிடித் தெரியும்? தாடி வைச்சவன் சரசேனன், வெட்டுங்கோ எண்டு முன்னுக்கு நிண்டவன் சொன்னான். எங்கட ஆக்கள் அந்த வெக்கைக்கு மழிச்சுப்போட்டுத் திரிஞ்சவை. அதுதான் அடையாளம்."

அவன் முகத்தில் காய்ந்திருந்த கீறல்களைப் பார்த்தேன்.

"அவனையோ?" என்றேன்.

"ஓம்."

"உனக்குக் காய் தந்தவனையோடா?"

"நான் முகத்தைப் பாக்கேல்லை அக்கா. தாடியைத்தான் பாத்தனான்."

வெளியே மாடு கத்தியது. நான் போய்ப் பார்க்கவில்லை.

"விழுந்தாப்பிறகு சட்டை கிழிஞ்சுது. கழுத்தில கயித்தில மரச்சிலுவை. அந்த நாட்டுக் கிறிஸ்தவன். அவையும் தாடி வைக்கிறவை. எங்கட ஊருக்குக் கிறிஸ்து வேதம் வாறதுக்கு முன்னமே அவை வேதத்தில இருந்தவையாம். அண்டைக்குச் செத்தவையில முஸ்லிம்களும் இருந்தவை, அவையும் இருந்தவை. எல்லாரும் யாவாரத்துக்கு வந்த சனம். அதைச் சாட்டாக் கொண்டுதான் சுல்தான் படையோட வந்தவர். மதில் விழுமட்டும் நான் தண்ணி சுமந்தனான். வாளைத் தொடேல்லை. நான் வாள் உருவினது அந்த ஒரு தரம்தான்."

எனக்குக் கோபம் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், காய்க்காரனைக் கொன்றதற்காக அல்ல. அவனை எனக்குத் தெரியாது. எங்கள் வீடு போகப் போகிறதே என்று என் தம்பி மேல் கோபம் வந்தது.

"அப்ப இதைச் சொல்லாதை!" என்று கத்தினேன். "வாள் உருவினதுதானே, உருவினனான் எண்டு சொல்லு. ஆருக்கு எதிரா எண்டு எலும்புக்குத் தெரியுமோ? நீ போய் அங்கை கூத்தடிச்சிட்டு வந்து நிக்கிறாய், நான் இஞ்சை மூண்டு வருஷம் மாடு மாதிரி இழுத்தனான். ஒரு பொய். ஒரே ஒரு பொய் எனக்காகச் சொல்ல ஏலாதோ?"

"சொல்லிப் பாக்கிறன்," என்றான். அவன் குரல் சின்னப் பிள்ளையின் குரல்.

மறுநாள் காலையில் அவன் வழமை போல மழித்தான். மோவாயில் இரத்தம் நிற்கவில்லை. நான் துணியை நனைத்து ஒற்றிவிட்டேன். இருவரும் பிரபுவின் வீட்டுக்கு நடந்தோம்.

ஓவே பிரபு பெரிய கட்டிலில் கிடந்தார். நோயில் வற்றி, எலும்பும் மூக்கும்தான் மிச்சம். மார்பு வரைக்கும் அந்தக் கம்பளி மேலங்கியைப் போர்த்தியிருந்தார்கள். சிவப்புச் சிலுவை புதுக்கருக்கு மாறாமல் இருந்தது. மாறுவதற்கு அது எங்கே போனது? அவர் முகத்தில் வெள்ளைத் தாடி தாறுமாறாக வளர்ந்து கிடந்தது. தம்பி அந்தத் தாடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

சுவாமி எலும்பு வைத்த வெள்ளிப் பேழையை நீட்டினார். நீல்ஸ் கதவில் சாய்ந்து நின்றான். எஸ்பேர்ன் கை வைத்தான்.

"புனித மண்ணில கால் வைச்சனான்."

பிரபு கண்ணைத் திறந்தார்.

"ஒரு வருஷத்துக்கு மேல அங்கை இருந்தனான்."

பிரபுவின் உதடு அசைந்தது. சிரித்தார் என்று நினைக்கிறேன். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சொல்லடா, சொல்லடா.

அவன் கையை எடுத்துவிட்டான்.

"சொல்லு மகனே," என்றார் சுவாமி.

"நான் வாள் உருவினது உண்மை சுவாமி. வெட்டினது கிறிஸ்தவனை. சந்தையில காய் வித்த ஒருத்தனை. தாடியைப் பாத்துச் சரசேனன் எண்டு நினைச்சு வெட்டினனான்."

நீல்ஸின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. வயல் திரும்பக் கிடைத்த வெளிச்சம். எனக்கு அவன் கண்ணைத் தோண்ட வேண்டும் போல இருந்தது.

சுவாமி கெட்டிக்காரர். கொஞ்சம் யோசித்துவிட்டுக் குரலை இறக்கினார்.

"மகனே, நோக்கம் எண்டு ஒண்டு இருக்கு. நீ அவனைப் பகைவன் எண்டு நினைச்சுத்தானே வெட்டினனீ? தேவன் நினைவைத்தான் பாக்கிறவர். உன்ர நினைவு சுத்தம். அதால சத்தியம் பொய்யாகாது. தாராளமாச் சொல்லலாம்."

அது எனக்கு வாய்ப்பான பேச்சு. வீடு திரும்பவும் கைக்கு வந்தது. ஆனால் அதை என் மனம் ஏற்கவில்லை. ஒரு மனிதனை வெட்டிவிட்டு நினைவு சுத்தம் என்று சொல்லலாமாம்.

எஸ்பேர்ன் தலையை ஆட்டினான். "அவன் சரசேனனா இருந்திருந்தாலும் சுவாமி, அவன் காய் வித்துக்கொண்டு இருந்தவன்."

"நாயே!" என்று நீல்ஸ் பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தான். "பிச்சைக்காரப் பயலை நம்பி அனுப்பினதுக்கு அப்பாவின்ர ஆத்துமத்தைக் கெடுத்துப்போட்டு நிக்கிறாய். நீ கொலைகாரன். உன்ர பாவத்துக்கு பாவம் கழுவுற உத்தரிக்கிற ஸ்தலமும் காணாது, நரகம்தான். வெளியில போ!"

எஸ்பேர்ன் எதிர்க்கவில்லை. அந்த வார்த்தையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டவன் போலக் குனிந்து நின்றான். அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. வீடாவது வயலாவது.

"கையை எடு!" என்றேன். என் சத்தத்தில் எனக்கே காது அடைத்தது. நீல்ஸ் கையை எடுத்தான். நான் அவனை விட்டுவிட்டுக் கட்டிலுக்குப் போனேன். பிரபுவின் முகத்துக்கு நேரே குனிந்தேன்.

"ஐயா, கோயில் வாசலில என்ன சொன்னனீங்கள்? இவன் நடக்கிறது நீங்கள் நடக்கிறது எண்டு சொன்னனீங்கள். இவன் பட்டினி கிடந்தது உங்கட பட்டினி. இவன் கடல் தாண்டினது நீங்கள் தாண்டினது. சொன்னனீங்களோ இல்லையோ?"

அவர் கண்ணை மூடவில்லை.

"ஓம் எண்டால் இவன் வெட்டினதும் நீங்கள் வெட்டினதுதான். புண்ணியத்தை மட்டும் உருவி எடுத்துக்கொண்டு பாவத்தை என்ர தம்பியின்ர தலையில விடுறீங்களோ? அனுப்பினது ஆர்? நீங்கள் வைச்ச நெருப்புக்கு இவனை ஏன் அனுப்பினனீங்கள்? பதிலாள் எண்டால் முழுக்கப் பதிலாள். அந்தக் காய்க்காரன் உங்கட கணக்கு. எடுங்கோ. முழுக்க எடுங்கோ."

"வாயை மூடு பெண்ணே!" என்றார் சுவாமி.

"பிழை எண்டால் நீங்கள் சொல்லுங்கோ சுவாமி. பலன் போற வழியால பாவம் போகாதெண்டு வேதத்தில எங்கை இருக்கு? எலும்பில கைவைச்சுச் சொல்லுங்கோ."

சுவாமி பேழையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பிரபு தலையைத் திருப்பிச் சுவாமியைப் பார்த்தார். "அப்பிடியோ சுவாமி?" என்றார்.

சுவாமி பேழையையே பார்த்தார்.

"அப்ப ரெண்டு பேர்," என்றார் பிரபு. "பாலேயும், அவனும்."

பிறகு அவருக்குப் பயம் பிடித்தது. அந்தப் பயத்தை நான் பார்த்தேன், இரக்கப்படவில்லை. மேலங்கியைத் தள்ளிவிட்டு எழும்பப் பார்த்தார். "வேற ஆரையும் அனுப்புங்கோ! நல்லவன் ஒருத்தனைப் பாத்து இப்பவே அனுப்புங்கோ சுவாமி! குதிரை குடுக்கிறன், நிலம் குடுக்கிறன், என்ர பேரில அனுப்புங்கோ!"

"எங்கை ஐயா அனுப்புறது?" என்றார் சுவாமி. இந்த முறை அவர் குரல் உண்மையாக இருந்தது. "அங்கை இனி ஒண்டும் இல்லை. சண்டை முடிஞ்சுது."

நாங்கள் வெளியே வந்தோம். பின்னால் பிரபு இன்னும் யார் யாருடைய பெயரையோ சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நீல்ஸ் சொன்னபடியே செய்தான். மத்தியானத்துக்குள் இரண்டு ஆட்களை அனுப்பி வீட்டுக் கதவைக் கழற்றுவித்தான். கதவில்லாத வீட்டில் குளிர்காலத்துக்கு யாரும் இருக்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். நாங்கள் எடுத்தது வாற்கோதுமை மூட்டை ஒன்று, சட்டி பானை, போர்வை, கோடரி. மாடு என் தாய் வளர்த்த கன்றின் கன்று, அதைத் தொடட்டும் பார்க்கலாம் என்று கோடரியோடு நின்றேன். தொடவில்லை. எஸ்பேர்ன் வண்டியில் மூட்டையை ஏற்றினான். நான் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது கோயில் மணி அடித்தது. சாவு மணி. எங்கள் ஊர் வழக்கப்படி சாவு மணி கேட்டால் யார் எந்த வேலையில் இருந்தாலும் நிறுத்திவிட்டு, செத்தவருக்காக ஒரு செபம் சொல்ல வேண்டும். கதவைச் சுமந்த ஆட்கள் அதைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார்கள்.

நான் நிறுத்தவில்லை. கயிற்றை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தேன். ஓவேக்கு என் வாயால் ஒரு செபமா? நாக்கு அழுகிவிடும்.

திரும்பிப் பார்த்தால் எஸ்பேர்னும் தொப்பியைக் கழற்றிவிட்டு, தலை குனிந்து நிற்கிறான். உதடு அசைகிறது. எனக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"உனக்கு வெக்கம் இல்லையோடா?" என்று கத்தினேன். "எங்களை நடுத்தெருவில விட்டவனுக்கோ செபம் சொல்லுறாய்?"

அவன் நிமிராமலே சொன்னான்.

"இவருக்கில்லை அக்கா. அவனுக்கு. அவனுக்கு அண்டைக்கு ஒருத்தரும் மணி அடிக்கேல்லை."

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. நான் கயிற்றைக் கீழே போட்டேன்.